இரண்டு என்று சொன்னவள்

சுன்சில் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் வியாதியின் பெயரைச் சொன்னாள். பித்தப்பை வீக்கம். அதற்கு எந்த ஊசி, எத்தனை பாட்டில் குளுக்கோஸ் என்பதையும் சொன்னாள். அவள் தப்பி வந்த வடக்கு நாட்டில், ஹேசான் நகரத்தில், எல்லோரும் அப்படித்தான். அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர் இருப்பார், மருந்து இருக்காது. சந்தையில் மருந்து இருக்கும், டாக்டர் இருக்கமாட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்கள் பாதி டாக்டராகித்தான் வீடு திரும்புவார்கள்.

தெற்கு நாட்டு நகரமான இன்ச்சோனில் இந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் இம் சின்ன வயசுக்காரர். சிரித்துவிட்டார்.

"பேர் வைக்கிற வேலைய எங்களுக்கு விட்ருங்கம்மா. எங்க வலிக்குது, எப்படி வலிக்குது, அத மட்டும் சொல்லுங்க."

சுன்சிலின் முகம் சட்டென்று இறுகிப்போனது. துணைக்கு வந்திருந்த போபே அதைப் பார்த்தாள். அவளும் ஹேசான்காரிதான். ஆனால் தெற்கே தப்பி வந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது, இந்த ஊர் நெளிவுசுளிவு தெரியும். இரண்டு பக்கமும் பேசுவது ஒரே மொழி. அதுதான் வினையே. வேற்று மொழியாக இருந்திருந்தால் நடுவில் ஒரு ஆளையாவது வைத்திருப்பார்கள்.

"அவன் என்னத் தொடவே இல்லடி," என்றாள் சுன்சில், வெளியே வந்ததும். "நாடி பாக்கல, வயித்த அமுக்கல. கம்ப்யூட்டரையே பாத்துட்டிருந்தான். அதுக்குத்தான் வயித்துவலி போல."

"மெதுவாப் பேசுக்கா, கேட்டுடப் போகுது."

அடுத்த முறை போனபோது ரத்தம், ஸ்கேன் எல்லாம் சுத்தமாக வந்திருந்தன. டாக்டர் இம் குரலைத் தணித்துக்கொண்டார். நல்ல மனுஷர்தான், அதைச் சொல்லியாக வேண்டும். "நீங்க ரொம்பக் கஷ்டத்தத் தாண்டி வந்திருக்கீங்க. அதெல்லாம் உடம்புல வலியா வரும். மேல்மாடியில மனநல டாக்டர் இருக்காங்க. ஒரு தடவ பேசிப் பாருங்களேன்."

சுன்சில் எழுந்து இடுப்பு வளைய வணங்கினாள். "இப்ப சரியாயிடுச்சு டாக்டர். வலியே இல்ல."

ஹேசானில், பஞ்சத்தில் மகன் இறந்தபோது சுன்சிலின் புருஷன் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். யாரையோ திட்டியும் அழுதான். மனசு சரியில்லை, இரண்டு நாளில் அனுப்பிவிடுகிறோம் என்று அதிகாரிகள் அவனை மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சோள ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு சுன்சில் ஏறிப் போனாள். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவள் கடைசிவரை பார்க்கவில்லை. பனி விழ ஆரம்பித்ததும் ஆள் செத்துப்போய்விட்டான் என்று தகவல் மட்டும் வந்தது.

"இங்க அப்படியில்லக்கா," என்று போபே பஸ்ஸில் கெஞ்சினாள். "இந்த ஊர்ல காப்பி குடிக்கப் போற மாதிரி அந்த டாக்டர்கிட்ட போறாங்க."

"அங்கயும் நல்லபடியாத்தான் பேசினாங்க. நான் பல்லக் கடிச்சுட்டு இருந்துக்கறேன். எனக்கு வலிக்குதுன்னு நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

போபே சத்தியம் செய்தாள். செய்திருக்கக் கூடாது. ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு யாரால் மறுக்க முடியும்? அதன்பிறகு சுன்சில் கடைக்குக் கடை மாறிமாறி வலி மாத்திரை வாங்கினாள். வெறும் வயிற்றில் கைநிறைய அள்ளிப் போட்டுக்கொண்டு உணவகத்தில் பாத்திரம் கழுவப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போபே போய்க் கதவைத் திறந்தபோது சுன்சில் சமையலறைத் தரையில் சுருண்டு கிடந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது.

அவசரப் பிரிவில் நர்ஸ் வேகமாகக் கேட்டாள். "வலி எவ்வளவு இருக்கும்மா? பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியல."

சுன்சில் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தாள். புன்னகை செய்தாள். "ரெண்டு."

பக்கத்தில் கணுக்கால் சுளுக்கிய ஒரு வாலிபன் "பத்து, பத்து!" என்று கத்தினான். அவனிடம் ஓடினார்கள். சுன்சிலைச் சுவரோரம் தள்ளிவிட்டார்கள். அவள் போபேயின் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். போபே வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பிடி இறுகியது. சத்தியம் செய்த பாவி, அவளும் பேசாமல் இருந்தாள்.

பிடி தளர்ந்தபோதுதான் போபே திரும்பிப் பார்த்தாள். சுன்சிலின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"செத்துட்டிருக்காங்க! யாராவது வாங்க!"

"அவங்களே ரெண்டுன்னுதான..."

"மனநல டாக்டர்கிட்ட அனுப்பிடுவீங்கன்னு பயந்து பொய் சொல்றாங்க! வயித்தத் தொட்டுப் பாருங்களேன், உங்க கையென்ன தேஞ்சா போயிடும்?"

ஒரு டாக்டர் வந்து தொட்டார். வயிறு பலகை மாதிரி இருந்தது. மாத்திரைகள் அரித்து இரைப்பையில் ஓட்டை விழுந்து, உள்ளே எல்லாம் கசிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடும்போது சுன்சில் போபேயைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"சொல்லிட்டியே."

உயிர் தங்கியது. மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் போபேயைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். சுன்சில் விழித்திருந்தாள். வாயில் குழாய். இரண்டு மணிக்கட்டுகளையும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள்.

"குழாயப் பிடுங்கிடக் கூடாதுன்னுதான்," என்றாள் நர்ஸ். "மயக்கம் தெளியறவங்க எல்லாரையும் இப்படித்தான் கட்டுவோம்."

"அக்கா, இது அந்த மலை ஆஸ்பத்திரி இல்ல," போபே அவள் காதருகே குனிந்தாள். "வயித்துல ஓட்டை. தச்சுட்டாங்க. அவ்வளவுதான், என்ன நம்புக்கா."

சுன்சில் தன் மணிக்கட்டுகளைப் பார்த்தாள், பிறகு மூடியிருந்த கதவைப் பார்த்தாள். நர்ஸ் அன்பாக அவள் நெற்றியைத் துடைத்தாள். "வலிச்சா தலைய ஆட்டுங்கம்மா, மருந்து போடறேன்."

வயிறு நெடுக்கக் கிழித்துத் தைக்கப்பட்டிருந்த சுன்சில் தலையைத் துளியும் அசைக்கவில்லை. குழாய்க்கு இரு புறமும் உதட்டோரம் நடுங்கி, கஷ்டப்பட்டு மேலே ஏறியது.

"பாருங்க, சிரிக்கிறாங்க!" என்றாள் நர்ஸ் சந்தோஷமாக.

"அவங்களுக்கு வலிக்குதுங்க," என்றாள் போபே. "ரொம்ப வலிக்குது. போடுங்க."

சுன்சில் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள். அதன்பிறகு போபே வந்து நின்றால் அவள் கண் திறப்பதே இல்லை.