பதினோரு வயது மூத்த வேலையாள்

'உதவிக்கு ஆள் தேவை' என்று அட்டை தொங்கவிட்ட மூன்றாம் நாள் காலை ஒன்பதரை மணிக்குச் சாவிக்கடைக்காரரிடம் வேலை கேட்டு வந்தவர் அவரேதான். வயது மட்டும் பதினொன்று கூடுதல். பக்கத்துக் கடைத் தையல்காரர் நாடாவால் இருவருக்கும் தோள், கழுத்து, கை எல்லாம் அளந்து பார்த்துவிட்டு, "இடுப்பு மட்டும் ரெண்டு இன்ச் ஜாஸ்தி, மத்தபடி நீயேதான்" என்று சொல்லிவிட்டுத் தன் மிஷினுக்குத் திரும்பிப் போனார். வந்தவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது இழுப்பறையை முழங்காலால் ஓர் இடி இடித்தால்தான் திறக்கும் என்பதுவரை தெரிந்திருந்தது. நாற்பது மாற்றுச் சாவி போட்ட கடையில் நாளுக்கு நானூறு போட்டார்கள். சாவி வாங்கியவர்கள் பூட்டு கிடைக்காமல் தெருத்தெருவாக அலைந்தார்கள். மாலை ஆறு மணிக்கு மூத்தவர் கிளம்பித் தெருமுனைத் தபால் பெட்டி வரை நடப்பார். அதற்கு அப்பால் அவரை யாரும் பார்த்ததில்லை. கடைக்காரர் அவரை 'அண்ணே' என்று கூப்பிட்டார். தன்னைத்தானே வேறு எப்படிக் கூப்பிடுவது?

மூத்தவர் வேலைக்குச் சேர்ந்த நான்காம் நாள் கடைக்காரரின் மனைவி மதியச் சாப்பாடு கொண்டுவந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்ணை வச்சுக்கிட்டு நான் படுற பாடு போதாதா?" என்றாள்.

கடைக்காரர் சிரித்தார். மூத்தவரோ அவள் குரல் காதில் விழுந்ததும் அரத்தைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். கண்ணீர் மேசையிலிருந்து வழிந்து, படியிறங்கி, தையல்காரர் கடைக்குள் புகுந்தது. அவர் துணிகளையெல்லாம் தூக்கிப் பரணில் போட்டார். மறுநாளும் அவள் வந்தாள், மறுநாளும் மூத்தவர் அழுதார். என்ன என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார்.

இன்னும் பதினோரு வருஷத்தில் அவள் இருக்கமாட்டாள், அதற்குத்தான் இந்த அழுகை என்று கடைக்காரர் தானே முடிவு கட்டிக்கொண்டார். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பார், பூட்டு விலையைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு மூடிக்கொள்வார். பயந்தவர் கை சும்மா இருக்குமா? அந்தக் கைக்குத் தெரிந்ததெல்லாம் பூட்டு. தவறி விழுந்துவிட்டால் என்று மொட்டைமாடிக் கதவுக்கு ஒன்று போட்டார். தீப்பிடித்தால் என்று அடுப்புக்கு ஒன்று, கத்தி இருக்கும் டிராயருக்கு ஒன்று, வழுக்குமே என்று குளியலறைக்கும் ஒன்று. இருபத்தேழாவது பூட்டைத் தெருக்கதவுக்கு வெளிப்புறமாகப் போட்டார். சாவிக்கொத்தின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். அவர் வரும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது. அவள் முதலில் சிரித்தாள், பிறகு திட்டினாள். கடைசியில் பேச்சையே நிறுத்திவிட்டாள்.

"மூணு நாளா சாப்பாடு வரலையே?" என்று கேட்டார் மூத்தவர்.

"அவளை உள்ள வச்சு வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டேண்ணே."

மூத்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. "எத்தனை பூட்டு?"

"இருபத்தேழு." அப்போதுதான் கடைக்காரருக்கு வாய் வந்தது. "அண்ணே, அவ இருக்காளா?"

"நல்லாத்தான் இருக்கா. நானும் இப்படிப் பூட்டினவன்தான், பதினோரு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

"இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"அப்ப என்கிட்ட வேலைக்கு வந்த மூத்தவனும் அழுதானே ஒழிய சொல்லல. சொல்ல வெக்கமா இருந்துச்சுப்பா."

கடைக்காரர் பட்டப்பகலில் செருப்பில்லாமல் ஓடினார். கதவுக்கு உள்ளே சத்தமே இல்லை. ஆயிரக்கணக்கில் சாவி போட்டவருக்குத் தன் வீட்டுச் சாவி எது என்று தெரியவில்லை. இருபத்தாறு சாவிகளைப் போட்டுப் பார்த்தார். கடைசிச் சாவிக்குத்தான் கதவு திறந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கொத்தை அப்படியே அவள் மடியில் போட்டார்.

"பயந்துட்டேன்," என்றார்.

அவள் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினோரு வருஷமும் அந்த ஒரே பார்வையில் கழிந்துவிடும் போலிருந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்றாள் பிறகு. பொழுது சாயும்வரை திட்டு நிற்கவில்லை.

மறுநாள் மூத்தவர் அரைமணி நேரம் தாமதமாக வந்தார். இரண்டு காதும் சிவந்திருந்தன.

"என்னண்ணே லேட்டு?"

"வீட்டுல ஒரே திட்டு. பதினோரு வருஷத்துக்கும் சேத்து வாங்கிட்டு வர்றேன்."

எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை. வாசலில் அதற்குள் நான்கு பேர் சாவிக்குக் காத்திருந்தார்கள்.