வெர்லீனின் நாலாவது கம்பி

வெர்லீன் டிப்ஸ் கிட்டார்ப் பெட்டியை எங்கள் பழுதுபார்க்கும் மேசைமேல் பொத்தென்று வைத்தாள்.

"மெதுவா வைடி. உள்ள இருக்கிறது உன்னைவிட இருபது வயசு மூத்தது."

"மூத்ததா இருந்து என்ன பிரயோஜனம் ஐடெல்லாக்கா? சத்தமே வரலையாம்."

"யாரு சொன்னா?"

"வேற யாரு, ஹாலிஸ்தான். புதுசா ஒரு டிரம்ஸ்காரனைப் பிடிச்சுட்டு வந்திருக்கான். அவன் அடிக்கிற அடியில என் பல்லே ஆடுது. அதுல நான் வாசிக்கிறது எங்க கேக்கும்? 'வர்ற ஞாயித்துக்கிழமை டான்ஸ்ல நீ என் காதுல விழணும் வெர்லீன். விழலைன்னா அந்த நாற்காலியில பியானோக்காரனை உக்கார வைக்கிறேன்'னுட்டான். எல்லார் முன்னாடியும்."

இருபத்து மூன்று வருடமாக ஹாலிஸின் இசைக்குழுவில் அந்த நாற்காலி அவளுடையது. தனியாக எழுந்து நின்று வாசிக்கிற வேலை அல்ல. ஊதுபவர்கள் ஊத, ஆடுபவர்கள் ஆட, பின்னால் உட்கார்ந்து தாளத்துக்கு நான்கு தட்டாக விடாமல் வாசிக்க வேண்டும். கான்சாஸ் சிட்டியில் அந்த வேலையைப் பார்ப்பவர்களின் பெயர் சுவரொட்டியில் வராது. ஆனால் அவர்கள் நிறுத்திவிட்டால் ஆடுகிறவர்களின் கால் தடுமாறும்.

பெட்டியைத் திறந்தேன். 1937இல் செய்த கிட்டார். மேல்பலகை வயலினைப்போல மேடாகச் செதுக்கியது. மின்சாரம் இல்லாமலே கூடத்தை நிரப்பும் என்று நம்பிச் செய்த காலத்துப் பொருள்.

"பிக்கப் வைக்கணும், அவ்வளவுதானே. அழாதே."

"நான் எங்க அழுதேன்?"

பிக்கப் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய கம்பியும்தான். இரும்புத் தந்தி அதன்மேல் அதிர்ந்தால் அந்த அதிர்வு ஒலிபெருக்கிக்குப் போகும். எந்தப் பிக்கப், எங்கே வைப்பது என்பதில்தான் எங்கள் கடையில் சண்டை வரும். என் கணவர் ராஸ்கோ சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"பலகையில ஒரு துளை போட்டு பெருசா ஒண்ணு இறக்கிடலாம். டிரம்ஸ்காரன் காதைப் பொத்திக்குவான்."

"துளையா? ராஸ்கோ அண்ணே, உங்க வயித்துல முதல்ல ஒரு துளை போட்டுப் பாருங்க."

"என் வயித்துல போட்டா சாஸ்தான் வரும்."

துளை கூடாது என்பதில் நான் வெர்லீன் பக்கம். அந்தப் பலகை முழுதாக அதிர்வதால்தான் அதற்கு அந்தக் குரல். வெட்டி இரும்பைத் தொங்கவிட்டால் அது வேறு கிட்டார். அடுத்து, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் கட்டைக்கு அடியில் ஒட்டும் சின்ன வில்லை ஒன்றை வைத்துப் பார்த்தோம். அதற்குக் காந்தம் கிடையாது, பலகையின் அதிர்வையே பிடிக்கும். சட்டைப் பொத்தான் உரசினால்கூடப் பிடித்தது. ஒலியைக் கொஞ்சம் கூட்டியதும் ஊளையிட்டது.

"தகர டப்பாக்குள்ள குளவி மாட்டின மாதிரி இருக்கு. எடுத்துடுக்கா" என்றாள்.

மிஞ்சியது மிதக்கிற வகை. மரத்தைத் தொடாது. தந்திகளுக்குக் கீழே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் விரல் தடுப்புத் தகட்டில் திருகிவிட்டால், பலகைக்கும் தந்திக்கும் நடுவே அந்தரத்தில் நிற்கும். அந்த இடைவெளி எவ்வளவு என்று பார்க்க எங்கள் கடையில் ஐந்து சென்ட் காசுகளை அடுக்குவோம். அளவுகோலைவிட அது கைக்குப் பழக்கம். ஆறு காசு நுழைந்தது, ஏழாவது காசு தந்தியில் இடித்தது. அலமாரியில் இருந்த இரண்டு பிக்கப்பில் ஒன்று ஏழு காசு கனம். இன்னொன்று ஐந்து.

"ஐந்துதான்" என்றேன்.

ராஸ்கோ சாண்ட்விச்சை வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஒயர்களைப் பற்றவைத்தார். தகட்டின் ஓரத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொடிக் குமிழ் ஒன்று, ஒயர் செருகும் துளை தந்திகளைக் கட்டும் வால்பகுதியில். மரத்தில் ஒரு கீறல் இல்லை. ஒலிபெருக்கியைப் போட்டேன். வெர்லீன் நான்கு தட்டு வாசித்தாள்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவள் கை பட்டும் படாமலும் போகிற மெல்லிய இரண்டு தந்திகளின் உரசல் ஊசி மாதிரி கிளம்பியது. அவள் வாசிக்கிற தடித்த தந்திகளோ அடுத்த வீட்டில் யாரோ பேசுவதுபோல முனகின.

"கெட்டுப்போனதை வச்சிட்டீங்களா?"

"இல்லடி. என்ன தந்தி போட்டிருக்கே?"

"வெண்கலம். எப்பவும் வெண்கலம்தான்."

பழைய வெண்கலத் தந்தி ஒன்றை எடுத்து மேல்சுற்றைப் பிரித்தேன். காந்தத்தைக் காட்டினேன். உள்ளிருந்த இரும்பு தாவி ஒட்டிக்கொண்டது. மஞ்சள் சுருள் அசையாமல் கிடந்தது.

"பாத்தியா? காந்தத்துக்கு உன் தந்தியில பாதிதான் தெரியுது. மெல்லிசு ரெண்டும் வெறும் இரும்பு, அது முழுசாத் தெரியுது. நிக்கல் சுத்தின தந்தி மாத்திட்டா சரியாயிடும்."

"மாட்டேன். என் பக்கத்துல நின்னுட்டு ஆளுயர பாஸ் வாசிக்கிற பர்விஸ் மாமா அந்த வெண்கலச் சத்தத்தைப் பிடிச்சுட்டுத்தான் நடக்கிறாரு. ஒரு தடவை நிக்கல் போட்டேன். 'ஈரத் துண்டு போத்திட்டு வந்திருக்கியாம்மா?'ன்னு கேட்டாரு."

வெண்கலம் இருந்தால் ஹாலிஸுக்குக் கேட்காது. நிக்கல் போட்டால் பர்விஸுக்குக் கேட்காது.

"திருப்பி வாசி" என்றேன். "நிறுத்தாம வாசிச்சுட்டே இரு."

எனக்கு ஒன்று உறுத்தியது. அவள் மூன்று தந்திகளை அழுத்துவதுபோலத் தெரிந்தது. காதில் மூன்று ஸ்வரம் விழவில்லை. ராஸ்கோவின் காகிதத் துடைப்பானைக் கிழித்து முறுக்கினேன். அவள் வாசிக்க வாசிக்க, முறுக்கை ஒவ்வொரு தந்திக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே செருகிக்கொண்டு வந்தேன். செருகினால் அந்தத் தந்தி ஊமையாகிவிடும். முதல் இரண்டையும் ஊமையாக்கினேன். உரசல் நின்றது, அவள் வாசிப்பில் மாற்றம் இல்லை. மூன்றாவது. மாற்றம் இல்லை. தடித்த பக்கத்து ஆறாவது, ஐந்தாவது. அதே சத்தம். காகிதத்தை நாலாவதில் செருகினேன்.

சக், சக், சக், சக். ஸ்வரமே இல்லை. மரத்தில் விரலால் தட்டியதுபோல வெறும் தட்டு.

"இன்னொரு தடவை பண்ணு" என்றார் ராஸ்கோ.

பண்ணினேன். அதேதான். மற்ற விரல்களை அவள் தந்தியில் வைக்கிறாள், அழுத்துவதில்லை. அவை தட்டுக்கு மட்டும் உதவுகின்றன. பாடுவது நாலாவது ஒன்றுதான்.

வெர்லீன் தன் இடதுகையை வேறு யாருடைய கையோபோலப் பார்த்தாள்.

"அப்ப இத்தனை வருஷமா இந்த விரலெல்லாம்?"

"சும்மா ஊர் சுத்திட்டு இருந்திருக்கு" என்றார் ராஸ்கோ.

அவள் சிரிக்கவில்லை. "அக்கா, இதை ஸ்பீக்கர்ல போட்டா ஹாலிஸுக்குத் தெரிஞ்சிடுமே. ஒத்தைக் கம்பிக்காரிக்கா இத்தனை வருஷம் சம்பளம் குடுத்தேன்னு கேப்பானே."

"கேட்டா கேக்கட்டும். முதல்ல கேக்க வைப்போம்."

வேலை எளிதாகிவிட்டது. நாலாவதை மட்டும் கழற்றி நிக்கல் போட்டேன். அந்தக் கிட்டாரில் பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல, தந்திகளின் அழுத்தத்தில் நிற்பது. ஒன்று மட்டும் மாறியதால் அது அசையவில்லை. பிக்கப்பில் நாலாவதுக்கு நேரான திருகை உயர்த்தித் தந்திக்கு நெருக்கி, மெல்லியவை இரண்டின் திருகுகளையும் ஆழ இறக்கினேன். மற்ற ஐந்தும் பர்விஸுக்கு.

ஞாயிறு பிற்பகல் டான்ஸ் நடக்கும் சங்கக் கூடத்துக்கு நாங்களும் போனோம். முதல் பாட்டிலேயே பயத்தில் வெர்லீன் மூன்று தந்திகளையும் இறுக்கி அழுத்தி, பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல வாசித்தாள். சத்தம் வந்தது. கூழ் மாதிரி வந்தது. பாஸோடு மோதியது, டிரம்பெட்டோடு மோதியது. ஆடிக்கொண்டிருந்த ஜோடிகளில் இரண்டு உட்கார்ந்துவிட்டன. ஹாலிஸ் சாக்ஸபோனை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நாற்காலி போச்சு என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்ததும் பர்விஸ் பாஸின் கழுத்துக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நீ யாரு?"

"என்ன மாமா?"

"எங்க வெர்லீன் எங்கே? அவளை எங்க விட்டுட்டு வந்தே? போய்க் கூட்டிட்டு வா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் நான்கு விரலைக் காட்டினேன். மூச்சை இழுத்துவிட்டு, விரல்களைத் தளர்த்திக்கொண்டாள்.

அடுத்த பாட்டில், பாஸுக்கு மேலே, ஊதுபவர்களுக்குக் கீழே, ஒரு குரல் நடந்து வந்தது. ஒரு அடிக்கு ஒரு ஸ்வரம். மேலே ஏறும், பாதி வழியில் நிற்கும், பாஸ் திரும்புகிற மூலையில் எதிரே வந்து நிற்கும். அப்படி ஒரு பாட்டு அந்தப் பாட்டுக்குள் இருந்தது எனக்கே அன்றுதான் தெரிந்தது. உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள்.

இடைவேளையில் ஹாலிஸ் நேராக அவள் நாற்காலிக்கு வந்தார்.

"அந்த ஒத்தை ஸ்வரம் நடக்குதே, அது என்ன?"

வெர்லீன் ஒளிக்கவில்லை. "அது ஒண்ணுதான் ஹாலிஸ் நான் வாசிக்கிறது. மத்தது தட்டு."

"எப்ப இருந்து?"

"நீ என்னைச் சேத்த நாள்ல இருந்து."

"இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னாடி இப்படி ஒண்ணு போயிட்டு இருந்ததா? என்கிட்ட யாரும் சொல்லலையே!"

"எனக்கே செவ்வாய்க்கிழமைதான் தெரியும்."

பர்விஸ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "எனக்குத் தெரியும். நான் எதைப் பிடிச்சுட்டு நடக்கிறேன்னு நினைச்சே?"

ஹாலிஸ் டிரம்ஸ்காரன் பக்கம் திரும்பினார். "தம்பி, இனிமே தோல் கிழியிற மாதிரி அடிக்காதே. இந்தம்மா சொல்றது உனக்குக் கேக்கணும். கேக்கலைன்னா நீ சத்தமா அடிக்கிறேன்னு அர்த்தம்."

"அடுத்த வாரம் பியானோக்காரர் வர்றாருன்னு சொன்னீங்களே சார்?"

"வரட்டும். டிக்கெட் வாங்கிட்டு ஆடட்டும்."

வெர்லீன் குனிந்து சுருதி சரிபார்க்கத் தொடங்கினாள். வெகுநேரம் குனிந்தே இருந்தாள். ராஸ்கோ என் காதருகே வந்தார்.

"இப்ப அழறா பாரு."

"பேசாம இருங்க" என்றேன். "ஆரம்பிக்கப் போறாங்க."