தரை தொடாத சீசர்

நெம்மேலியில் பெஞ்சமின் வளர்த்த கன்னி இன ஆண் நாய் சீசர், பிறந்ததிலிருந்து தரையைத் தொட்டதில்லை. குட்டியாக இருந்தபோது ஒரு விரல் உயரத்தில் நடந்தது. வளர வளர ஒரு சாண் உயரத்துக்கு வந்து அங்கேயே நிலைத்துவிட்டது. மழைக்காலத்தில் தெருவெல்லாம் சேறாகக் கிடக்க, அது மட்டும் சுத்தமான கால்களோடு வீட்டுக்குள் வரும். பெஞ்சமினின் மனைவி சாராளுக்கு அதில் சௌகரியம்தான். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஷிஃப்ட் முடித்து வருகிற பெஞ்சமின் காலையில் அதைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். மணலில் அவருடைய செருப்புத் தடம் மட்டும் இருக்கும். வலை உலர்த்துகிறவர்கள் முதலில் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு, வலையை மிதிக்காத நாய் நல்ல நாய்தான் என்று விட்டுவிட்டார்கள்.

சீசரைக் கொடுத்தது மாமல்லபுரத்தில் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் தௌசிஃப். பெஞ்சமினோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். தன் பெட்டை நாய் லைலாவுக்கு நல்ல ஜோடியாக வரும் என்றுதான் தெற்கே போய் அந்தக் குட்டியைக் கொண்டுவந்தார். சீசருக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை. அதற்குள் லைலாவோடு வந்து நின்றார்.

"காலத் தூக்கினு ஒண்ணுக்குப் போறான், பொட்ட நாயக் கண்டா பின்னாடியே ஓடுறான். இன்னும் இன்னா மச்சான் பாக்கணும்? லைலாவுக்கு வயசாய்க்கினே போவுது."

பெஞ்சமினால் மறுக்க முடியவில்லை. வீட்டின் பின்பக்கம் லைலாவை விட்டார்கள். அவளை மோந்து பார்த்த சீசர், ஆசையில் மேலே எழும்பியது. ஓட்டுக் கூரையைத் தாண்டி, முருங்கை மரத்தைத் தாண்டி, தென்னை மட்டை உயரத்துக்குப் போனதும் இறங்கத் தெரியாமல் குழந்தை போல அழுதது. லைலா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு நிழலில் படுத்துக்கொண்டாள். மீனவர்கள் மூங்கில் கழியில் வலையைக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் அதைக் கீழே இழுத்தார்கள். அதன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் வெகுநாள் எந்த நாயின் சத்தம் கேட்டாலும் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

சாராள் அதைத் தடவிக்கொடுத்தபடியே கணவரிடம் சொன்னாள்: "பதினேழு வயசுல என்னியக் கட்டிக் குடுத்தப்ப எங்க நைனாவும் ஒசரத்தத்தான்யா பார்த்தாரு. மொதப் புள்ள தங்காமப் போனப்பதான் எல்லாருக்கும் என் வயசு ஞாபகம் வந்துச்சு. இவன வுட்டுடு."

இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசியது அதுதான் முதல்முறை. பெஞ்சமின் மறுநாளே சீசரைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனார். கால்நடை டாக்டர் ஜானகிராமன் எடைமெஷினில் நிறுத்திப் பார்த்தார், முள் அசையவில்லை. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் எக்ஸ்ரே எடுத்தார்.

"எலும்பு வளர்ற முனைங்க இன்னும் மூடலீங்க. ஆசை முன்னாடி வந்துடும், உடம்பு மெதுவாத்தான் வரும். ரெண்டு வயசு ஆவட்டும். அப்ப இடுப்பு எலும்பையும் ரத்தத்தையும் பார்த்துட்டு, ஜோடி சேக்கலாமான்னு சொல்றேன். அதுவா கீழ எறங்கும், புடிச்சு இழுக்காதீங்க."

பெஞ்சமின் இதைச் சொன்னதும், "அதுக்குள்ள லைலா கெழவி ஆயிடுவா" என்று சொல்லிவிட்டுப் போன தௌசிஃப் அப்புறம் வரவில்லை. ரம்ஜானுக்குத் தவறாமல் வரும் பிரியாணி அந்த வருஷம் வரவில்லை. கிறிஸ்துமஸ் கேக்கைக் கொண்டுபோன பெஞ்சமின், கடைவாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். லைலாவின் பருவம் வந்து போனது. மறுபடியும் வந்து போனது. இனிமேல் அவள் ஈன்றால் உயிருக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதாக யாரோ சொன்னார்கள்.

இரண்டு வயது நிறைந்தபின், தை மாதத்தில் ஒரு நாள் காலையில் சீசரின் நகம் மணலில் கோடு கிழித்தது. சில நாளில் பாதம் முழுவதும் பதிந்தது. மணலின் குளிர்ச்சி பழக்கமில்லாததால் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது. இந்த முறை டாக்டரின் எடைமெஷினில் முள் நகர்ந்தது. இடுப்பும் ரத்தமும் சரியாக இருந்தன. பெஞ்சமின் நேராகத் தௌசிஃப் கடைக்குப் போய்ச் சொன்னார். தௌசிஃப் ஷட்டரை இறக்கிவிட்டுக் கூடவே வந்தார். சீசரை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"நல்லா கனமா கீறான் மச்சான். லைலாவுக்குத்தான் குடுத்து வெக்கல."

சாராள், "நாஸ்தா துன்னுட்டுப் போ அண்ணாத்த" என்று தட்டை வைத்தாள். தௌசிஃப் உட்கார்ந்தார்.

சீசர் நாலு காலும் மண்ணில் ஊன்றி நின்று இணைந்தது செங்கல்பட்டில் கன்னி நாய் வளர்க்கும் வரதன் என்பவரின் பெட்டையோடு. பிறந்த குட்டிகளில் ஓர் ஆண் குட்டி மட்டும் தரைக்கு மேலே கிடந்தது. பால் குடிக்க வைக்கத் தாய் அதைக் கவ்விக் கீழே இழுக்கவேண்டியிருந்தது. அந்தக் குட்டியைத்தான் தௌசிஃப் கேட்டு வாங்கிப்போனார்.

இப்போது அது மாமல்லபுரம் கடையில் பிரேக் ஒயர்கள் தொங்கும் உயரத்தில் தூங்குகிறது. அதன் நிழலில் லைலா படுத்திருக்கிறாள். கடைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் குனிந்து, வேண்டியதை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.