பட்டன் வைத்த சிடி பிளேயர்

கையில் போன் இருக்கிற மனுஷனுக்கு எதற்கு சிடி பிளேயர் என்று கேட்டேன். ஒரு தடவை இல்லை, ஒரு மாதமாகக் கேட்டேன். என் வீட்டுக்காரர் ஜெயச்சந்திரன் காதில் வாங்கினால்தானே. கொடைக்கானலில் கடை கடையாக ஏறி இறங்கினார். புதுப் பெட்டிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லாம் வழவழவென்று கண்ணாடியாக இருக்கிறது, அமுக்கினால் அமுங்குகிற பட்டன் வேண்டும் என்று வெறுங்கையோடு திரும்பினார். ஐம்பது தாண்டிய பிறகு இப்படி ஒரு கிறுக்கு பிடிக்குமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்களுக்கு வடகவுஞ்சி. அவருக்கு ஜீப் ஓட்டுகிற வேலை. காலையில் ஊர்ப் பிள்ளைகளைப் பெருமாள்மலைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போவார், சாயங்காலம் கூட்டிவருவார், நடுவில் காய்கறி மூட்டை ஏற்றுவார். முன்பு டூரிஸ்டுகளை ஏற்றி ஓட்டிய காலத்தில் வண்டியில் போட வாங்கிய சிடிகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வீட்டில் கிடந்தன. அதைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து ஒவ்வொன்றுக்கும் ரப்பர் பேண்டு மாட்டினார். சாமிப் பாட்டுக்கு ஒன்று, சினிமாப் பாட்டுக்கு இரண்டு, நாதஸ்வரத்துக்கு மூன்று. மூடி கழன்றுவிடாமல் இருக்க என்றார். அதற்கு ஒன்று போதாதா, மூன்று எதற்கு என்றேன். உன் சோலியைப் பார் என்றார்.

கடைசியில் வட்டக்கானலில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் குகன் போன் செய்தான். டூரிஸ்டு நாளிலிருந்து பழக்கம். அவன் அப்பா காலத்தில் அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன பிளேயர் இருக்கிறது, உலகத்தில் சிடி வந்த புதிதில் வாங்கியது, இன்னும் பாடுகிறது, அண்ணன் வந்து பார்க்கட்டும் என்றான். ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பினோம். என்னை வண்டியில் ஏற்றவே முனகுகிற மனுஷன், நீயும் வா, மடியில் வைத்துப் பிடிக்க ஆள் வேண்டும் என்று அவராகவே கூப்பிட்டார்.

போகும்போது பெருமாள்மலையில் ஒரு பஸ் பின்னால் ஒட்டியவர் கொடைக்கானல் வரை அதை முந்தவே இல்லை. வழி விட்டும் முந்தவில்லை. பஸ்காரன் பொண்ணு கொடுத்திருக்கானா, இப்படிப் பின்னாலேயே போறீங்க என்று கிண்டல் செய்தேன். வண்டி ஓட்டுவதைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே, இறங்கி நடந்து வா என்பார். அன்றைக்குச் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தார்.

பிளேயர் அம்மிக்கல் கனம் கனத்தது. முகப்பில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒவ்வொரு பட்டன். என் வீட்டுக்காரர் அதைக் குனிந்து பார்க்கவில்லை. விரலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட்டினார், மறுபடி ஓட்டினார். அப்படி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில் ரொம்ப நாளாக இல்லை. குகன் ஒரு சிடியைப் போட்டதும் தவில் சத்தம் அறையை நிறைத்தது. பொய் சொல்லக் கூடாது, எனக்கும் பிடித்துப்போனது.

விலை பேசி முடித்ததும் குகன் பெட்டியைக் கவிழ்த்தான். சிடியைப் படிக்கிற லென்ஸ் உள்ளே ஆடக்கூடியது, மலை ரோட்டில் குலுங்கினால் அதோடு போச்சு, அதனால் அடியில் இருக்கிற இந்தச் சிவப்புத் திருகை இறுக்குகிறேன், வீட்டில் மறக்காமல் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் பாடாது என்றான். இவர் கையை நீட்டி, இதுதானே என்று ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். அவர் விரல் கறுப்பு ரப்பர் கால் மேல் இருந்தது. சிவப்புத் திருகு ஒரு சாண் தள்ளிப் பளிச்சென்று இருந்தது.

"அண்ணே, அது காலு" என்று குகன் சிரித்தான். இவரும் சிரித்தார். கூடச் சேர்ந்து நானும்தான் சிரித்தேன், கூறு கெட்டவள்.

திரும்பும்போது பெருமாள்மலை வரை சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டி ஊர்ந்தன. நாங்களும் ஊர்ந்தோம். அங்கிருந்து பழனி ரோட்டில் திரும்பியதும் முன்னால் ஒரு வண்டியும் இல்லை. நல்ல வெயில். காலையிலிருந்தே வானத்தில் பஞ்சு அளவுக்குக்கூட மேகம் கிடையாது. வலது பக்கப் பள்ளத்தில் மரத்து உச்சிகளும் அதற்கும் கீழே சமவெளியும் துடைத்துவிட்ட மாதிரித் தெரிந்தன. பிளேயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் பாட்டுக்கு வேடிக்கை பார்த்து வந்தேன்.

"மேகம் எறங்கிருச்சு பாரு" என்றார். "லைட்டப் போடணும் போலயே."

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். பதிலுக்கு ஏதோ சொல்லக்கூட வாயெடுத்தேன். திரும்பிப் பார்த்தால் மனுஷன் ஸ்டீயரிங் மேல் நெஞ்சு முட்டக் குனிந்திருக்கிறார். கண்ணை இடுக்கிக்கொண்டு, நிஜமாகவே மேகத்துக்குள் ஓட்டுகிறவர் முகம். கை நீண்டு லைட்டைப் போட்டது. பட்டப்பகல்.

பஸ் பின்னாலேயே போனது, ரப்பர் காலைத் தொட்டது, சிடிக்கு மூன்று ரப்பர் பேண்டு, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கத்தினால் பதறிப்போய் எங்கேயாவது விட்டுவிடுவாரோ என்று பயம். கத்தாமல் இருந்தால் அதைவிடப் பயம்.

வளைவில் மரங்கள் கூடி நிழல் கட்டியிருந்தது. நிழலுக்குள் நட்டநடு ரோட்டில் ஒரு செவலை மாடு நின்றது. நான் பார்க்கிறேன், அவரும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன், வண்டி வேகம் குறையவே இல்லை.

"மாடு" என்றேன்.

சட்டென்று பிரேக் போட்டார். பிளேயரின் முனை என் விலாவில் இடித்தது. மாடு பம்பருக்கு முன்னால் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. அதன் கொம்பில் பூசியிருந்த பச்சை பெயிண்டு உரிந்திருப்பது வரை எனக்குத் தெரிந்தது.

"எங்க?" என்றார்.

அந்த ஒரு சொல்லை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். வண்டியை நிறுத்துங்கள், இறங்கி நடப்போம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தபடி வந்துவிட்டது, அந்த வளைவில் ஒதுங்க இடம் கிடையாது. மாடு நகர்ந்ததும், போங்க, மெதுவா இடது பக்கமாகவே போங்க என்றேன். போனார். இப்போது லேசாக வலது, எதிரே பைக், கொஞ்சம் நில்லுங்க என்றேன். நின்றார். சொன்னதை எல்லாம் செய்தார், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என் பேச்சை இப்படிக் கேட்டதில்லை. எனக்கு அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. நான் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தியபோது அவர் மெல்லிய குரலில் சொன்னார்.

"நிறுத்தாத தேவி. சொல்லிக்கிட்டே வா."

ஊர் வந்து சேர்ந்தோம். சேலை முந்தானை வேர்வையில் நனைந்து பிளேயரோடு ஒட்டிக்கிடந்தது.

வீட்டில் டியூப்லைட்டைப் போட்டேன். பெட்டியைக் கவிழ்த்து நான்தான் ஒரு ரூபாய்க் காசை வைத்துச் சிவப்புத் திருகைத் தளர்த்தினேன். அவர் சிடிகளைத் தடவி, மூன்று ரப்பர் பேண்டு மாட்டியதை எடுத்துப் போட்டார். விரல் தானாகப் பட்டனுக்குப் போனது. நாதஸ்வரம் வந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

முன்னொரு நாள் ஜீப்புக்கு பார்ட்ஸ் வாங்குகிறேன் என்று மதுரைக்குப் போய்வந்திருந்தார், அது பார்ட்ஸ் வாங்க இல்லை. கண் டாக்டரைப் பார்க்கத்தான். கண் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறதாம், ஓரப் பார்வை முதலில் போய்விட்டதாம். சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மருந்தை வண்டி டூல்ஸ் பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிறார்.

"முழுசா இருட்டுறதுக்குள்ள பட்டனப் பழகிக்கிடலாம்னு பாத்தேன்" என்றார். "போன்ல எதத் தொடுறோம்னே தெரிய மாட்டேங்குது."

அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஜீப்பை என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

அதற்கும் யோசித்து வைத்திருந்தார். பள்ளிக்கூட வருஷம் முடிகிற வரை ஓட்டிவிடலாமாம். அந்த ரோடு தலைகீழ்ப் பாடமாம். காலையில் பார்வை பரவாயில்லையாம். நீ பக்கத்தில் உட்கார்ந்து இன்றைக்குச் சொன்ன மாதிரி சொல்லிக்கொண்டு வந்தால் போதும், ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை என்றார். ஜீப்பை விட்டால் வேறு என்ன தொழில் தெரியும் என்றும் சொன்னார். அது உண்மை. சரி, சொல்லிக்கொண்டு போகலாமே என்று எனக்கே ஒரு நொடி தோன்றியது. மாட்டை நினைத்தால்கூட இப்போது அவ்வளவு நடுக்கம் இல்லை, அந்த நொடியை நினைத்தால்தான் இருக்கிறது.

நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். "வெள்ளனே எழுப்பி விடு" என்று சட்டைப் பையிலிருந்து ஜீப் சாவியை எடுத்து பிளேயர் மேல் வைத்தார். வைத்தது விளிம்பில். சாவி சறுக்கித் தரையில் விழுந்தது.

சத்தம் கேட்டுக் குனிந்தார். சாவி என் கால் பக்கத்தில், வெளிச்சத்தில், வேல் போட்ட வளையத்தோடு பளபளவென்று கிடந்தது. அவர் கை பிளேயர் இருந்த ஸ்டூலுக்கு அடியில் துழாவியது. பிறகு சுவரோரம். பிறகு சிடிப் பெட்டிக்குப் பக்கத்தில். நான் காலை நகர்த்திச் சாவி மேல் வைத்து மிதித்துக்கொண்டேன். உள்ளங்காலில் சில்லென்று இருந்தது.

"எங்கிட்டு விழுந்துச்சு?" என்றார்.

நான் போனை எடுத்து வேலம்மாவைக் கூப்பிட்டேன். அவள் மகள் மகாராணி மூன்றாம் வகுப்பு. தினமும் முன் சீட்டில் இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் கதை சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளை. நாளைக்கு ஜீப் வராது, பிள்ளையை பஸ்ஸில் அனுப்பு, மற்றவர்களிடமும் சொல்லிவிடு என்றேன். வண்டி ரிப்பேரா அக்கா என்று வேலம்மா போனுக்கு வெளியே கேட்கிற சத்தத்தில் கேட்டாள். இவர் குனிந்தபடியே தலையை மேலும் கீழும் ஆட்டினார், ஆமாம் என்று சொல்லச் சொல்லி. ஆமாம் என்று சொன்னால் ரிப்பேர் இரண்டு நாளில் சரியாகிவிடும்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல வேலு. அண்ணனுக்குக் கண்ணு தெரியல. இனிமே ஓட்ட மாட்டாரு."

தரையில் தேடிக்கொண்டிருந்த கை நின்றது.