ஆயிரம் மீட்டருக்கு மேலே

இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், எக்லி குடும்பம் இந்த ஆண்டும் பனிச்சறுக்கு விடுமுறைக்கு ஸ்டைன்மாட்டுக்குப் புறப்படுகிறது. கடவுளோ காய்ச்சலோ மத்திய அரசோ இதைத் தடுக்க முடியாது. அறிவித்தவர் ஓய்வுபெற்ற கர்னல் ஓஸ்வால்ட் எக்லி. அறிவித்த இடம் அவருடைய மரணப் படுக்கை.

அறிவித்து முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. மூக்கிலிருந்து நழுவிய ஆக்ஸிஜன் குழாயை மருமகள் யோலாண்டா சரிசெய்யப் போனாள். கர்னல் அவள் கையை ஈயைத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டு, போர்வைமேல் விரித்துக்கிடந்த மலை வரைபடத்தில் விரலை ஊன்றினார்.

"முதல் நாள் யாரும் பனிப்பாறைப் பக்கம் போகக் கூடாது. உடம்பு பழகணும். புதன்கிழமை ராத்திரி ஃபோண்டு. அதுக்கு உருக்குற சீஸ் கீழேருந்து வாங்கிட்டுப் போகணும், மேல கொள்ளை விலை. ஜன்னல் ரூம் என்னோடது. நான் வரலைன்னாலும் அது என்னோடதுதான். யாரும் படுக்கக் கூடாது."

"சரி பப்பா," என்றாள் மகள் ரெகுலா.

"சரி பப்பா," என்றான் மகன் ஊர்ஸ். ஐம்பது வயதாகிறது அவனுக்கு. பல் மருத்துவன். அப்பா எதிரே நிற்கும்போது மட்டும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாது.

கர்னல் எந்தப் போரையும் பார்த்ததில்லை. போருக்கே போகாத அந்த நாட்டில் வேறு யாருமே பார்த்ததில்லை என்பதால் அது ஒரு குறையாக எண்ணப்படவில்லை. வருஷத்தில் சில வாரம் சீருடை போட்டுக்கொண்டு, வராத எதிரிக்காகக் குன்றுகளைக் காத்தார். மீதி நாளெல்லாம் காப்பீட்டுக் கம்பெனியில் ஆலங்கட்டி மழைப் பிரிவு. எதிரி வராத ஏமாற்றத்தைக் குடும்பத்தின்மேல் தீர்த்துக்கொண்டார். பனிச்சறுக்கு விடுமுறை அவருக்குப் படையெடுப்பு. முன்னால் அவர், நடுவில் பிள்ளைகள், கடைசியில் விழுந்தவர்களைத் தூக்கிவிட யோலாண்டா. குடும்பத்தில் எல்லோரையும்விட நன்றாகச் சறுக்கத் தெரிந்தவள் அவள். அதனாலேயே கடைசி.

"இன்னொண்ணு." கர்னல் கண்ணை மூடித் திறந்தார். "ஃபிராவ் எக்லி பின்னணியைப் பார்த்துக்கொள்வார்."

ஃபிராவ் எக்லி, அதாவது திருமதி எக்லி, என்றால் யோலாண்டா. பின்னணி என்றால் இந்த வீடு, இந்தக் கட்டில், இந்தக் கட்டிலுக்கு அடியில் இருக்கும் மலச்சட்டி.

"நர்ஸ் காலையிலயும் சாயங்காலமும் வர்றாங்களே, கர்னல்," என்றாள் யோலாண்டா. "ஒரு வாரத்துக்கு ராத்திரியும் இருக்கச் சொன்னா இருப்பாங்க. நான் கேட்டுட்டேன்."

கர்னல் வரைபடத்தை மடிக்க ஆரம்பித்தார். ரெகுலாதான் சொன்னாள். "வெளியாள்கிட்ட பப்பாவ விட்டுட்டுப் போறதா? குடும்பம்னு எதுக்கு இருக்கு?"

அந்தக் குடும்பத்தில் யோலாண்டா வந்து சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். அதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. மலைக்குப் போகிறவர்களிடம் ஒரு வழக்கம்: ஆயிரம் மீட்டருக்கு மேலே போய்விட்டால் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'. வங்கி இயக்குநரும் 'நீ', கேபிள் கார்க் கதவைச் சாத்துகிறவனும் 'நீ'. கீழே இறங்கினால் மறுபடி 'நீங்க'. ஊரில் மற்றவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கர்னல் சட்டமாகவே வைத்திருந்தார். கீழே ஒருவரை 'நீ' என்று அழைக்க வேண்டுமானால், மூத்தவர் தானாக முன்வந்து, தன் பெயரைச் சொல்லி, கோப்பையோடு கோப்பை இடித்து அனுமதி தர வேண்டும். யோலாண்டாவுக்கு அந்த அனுமதி வரவில்லை.

கல்யாணமான முதல் வருஷம் கேபிள் கார் ஆயிரம் மீட்டரில் இருக்கும் நடு ஸ்டேஷனைத் தாண்டியதும், "யோலாண்டா, நீ அந்தப் பையைப் பிடி," என்று மாமனார் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாரம் முடிந்து இறங்கும்போது அதே ஸ்டேஷனில், "ஃபிராவ் எக்லி, படி வழுக்கும், நீங்க பார்த்து இறங்குங்க," என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு குளிர்காலமும் அப்படித்தான். வருஷத்துக்கு ஒரு வாரம் மருமகள், மீதி நாளெல்லாம் ஃபிராவ் எக்லி. கோடையில் அவர் விழுந்து, கட்டில் சாப்பாட்டு அறைக்கு இறங்கி, அவரைக் குளிப்பாட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு வந்த பிறகும் மாறவில்லை. "ஃபிராவ் எக்லி, தயவுசெய்து என்னை இடதுபக்கம் புரட்டுறீங்களா?"

கூட்டம் கலைந்தது. யோலாண்டா நிலவறைக்கு இறங்கினாள். ஊர்ஸ் பனிச்சறுக்குப் பலகைகளின் அடியில் மெழுகை இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய பலகை, ரெகுலாவினது, ரெகுலா கணவனுடையது. அவளுடைய ஜோடி சுவரோரம் தூசியோடு நின்றது.

"நான் இருக்க மாட்டேன், ஊர்ஸ்."

"எங்க?"

"இங்க. உங்கப்பாகூட. எனக்கு ஒரு வாரம்கூட வேண்டாம். ஒரே ஒரு காலை போதும். முதல் லிஃப்ட்ல மலை மேல ஏறி, யாரும் கோடு போடாத பனியில, பின்னாடி யார் விழுந்தாங்கன்னு திரும்பிப் பாக்காம ஒருதரம் இறங்கணும். கோடையிலேர்ந்து அத நெனச்சுத்தான் ஒவ்வொரு நாளும் அந்தச் சட்டியத் தூக்குறேன்."

ஊர்ஸ் பலகையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். "அடுத்த வருஷம் நீ போயேன்."

"அடுத்த வருஷம் யார் வேணா போலாம். அப்ப அவர் இருக்க மாட்டார்."

"பாத்தியா, உனக்கே தெரியுது. ஒரு வருஷம் பொறுத்துக்க முடியாதா?"

அவன் கெட்டவனில்லை. அதுதான் அவனிடம் இருந்த மோசமான விஷயம். சண்டை போடக்கூட ஆள் கிடைக்காது.

படியேறி வரும்போது யோலாண்டாவின் மனதில் ஒரு கணக்கு ஓடியது. "இன்னிக்கும் இருக்கலாம், அடுத்த வாரமும் இருக்கலாம்," என்று டாக்டர் நேற்றுச் சொல்லியிருந்தார். ஸ்டைன்மாட்டில் வாடகை வீடுகள் சனிக்கிழமைதான் கைமாறும். நாளைதான் சனிக்கிழமை. சாவு அதற்கு முன்னால் என்றால் அவளும் போகலாம். அதற்குப் பின்னால் என்றால் கிடையாது. இப்படி நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். பிறகு மறுபடியும் நினைத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காரின் கூரையில் பெட்டி மாட்ட ஊர்ஸும் ரெகுலாவும் பட்டறைக்குப் போனார்கள். யோலாண்டா கிண்ணத்தில் சூப்போடு கட்டிலோரம் உட்கார்ந்தாள். கர்னலின் உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு கரண்டி இறங்கியது. மூன்றாவதை நாக்கால் தள்ளினார். பிறகு அவளைப் பார்த்தார். இதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"களைச்சுப்போய்ட்டே, யோலாண்டா."

அவள் கரண்டி பாதி வழியில் நின்றது. "என்ன சொன்னீங்க, கர்னல்?"

"என்ன கர்னல் கிர்னல். ஓஸ்வால்ட்னு சொல்லு."

பக்கத்து மேஜையில் இருந்த மூக்குவைத்த குடிகோப்பையை எடுத்தபோது கொஞ்சம் போர்வையில் சிந்தியது. அதில் ஆறிப்போன சீமைச்சாமந்தி டீ. அதை அவள் சூப்புக் கிண்ணத்தில் மெல்ல இடித்தார். 'டக்' என்று பிளாஸ்டிக் சத்தம் வந்தது.

யோலாண்டா கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். இதற்காகவா காத்திருந்தோம் என்று வெட்கமாக இருந்தது. ஒரு பிளாஸ்டிக் சத்தம். ஆனாலும் வந்துவிட்டது. மனிதர் கடைசியில் இறங்கி வந்துவிட்டார். நாளைக்கு அவர்கள் போகட்டும். இந்த மனிதரோடு இருந்துவிடலாம். மலை எங்கே ஓடிவிடப் போகிறது.

"நான் இருக்கேன், ஓஸ்வால்ட்," என்றாள். அந்தப் பெயர் வாயில் புதுச்செருப்புப் போலக் கடித்தது. "ஒரு இடத்துக்கும் போகல. உன்கூடவே இருக்கேன்."

கர்னல் தலையசைத்தார். காதை ஒருமுறை தேய்த்துக்கொண்டார்.

"காது அடைக்குது. நடு ஸ்டேஷன் தாண்டியாச்சு இல்ல?"

"எது?"

"மூச்சும் முட்டுது பாரு. உயரம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டராவது இருக்கும். நீ அந்தப் பையப் பிடிச்சுக்க. விழுந்துடப் போவுது."

யோலாண்டா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே அவர்கள் ஊர் விண்டர்டூரின் தட்டை வானமும் எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டியும் தெரிந்தன. ஊரிலேயே மேடான தெருகூட எழுநூறு மீட்டரைத் தொடாது.

அவள் சும்மா இருந்திருக்கலாம். பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிழவர் மலையிலேயே போய்ச் சேர்ந்திருப்பார். நல்ல மனம் படைத்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். யோலாண்டாவின் நல்ல மனம் கோடையிலிருந்தே செலவாகிக்கொண்டிருந்தது.

"நாம மேல போகல, கர்னல்," என்றாள். "விண்டர்டூர்லதான் இருக்கோம். சாப்பாட்டு ரூம்ல."

கர்னல் சுற்றிலும் பார்த்தார். சுவர்க்கடிகாரம், அலமாரிக் கண்ணாடியில் தன் முகம், சூப்பு. எல்லாவற்றையும் வரிசையாகச் சரிபார்த்தார். முகத்தில் பழைய விறைப்பு மெல்ல ஏறி உட்கார்ந்தது.

"அப்படின்னா மன்னிக்கணும், ஃபிராவ் எக்லி," என்றார்.

அதுதான் கடைசி. பிறகு இரண்டு மூச்சு வந்தது. மூன்றாவதுக்காக அவள் காத்திருந்தாள். இயந்திரம் மட்டும் யாருக்கென்று தெரியாமல் காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. அவள் அதை அணைத்தாள்.

டாக்டர் வந்து போனார். ரெகுலா கட்டிலில் தலைவைத்து அழுதாள். உண்மையான அழுகைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர்ஸ் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்று, கடைசியில் அப்பாவின் கால்மேல் வைத்தான். யோலாண்டா நான்கு பேருக்குக் காபி போட்டாள். ஒரு கோப்பை மிஞ்சியபோதுதான் கர்னலையும் சேர்த்து எண்ணிவிட்டது தெரிந்தது.

மூன்று பேருக்கும் ஒரே நினைப்புதான். யார் முதலில் சொல்வது என்பதுதான் கேள்வி.

"பப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பார்?" என்றான் ஊர்ஸ்.

"தள்ளிப்போடவே மாட்டார்," என்றாள் ரெகுலா மூக்கைச் சிந்திக்கொண்டு. "அம்மா ஆபரேஷனுக்கே தள்ளிப்போடல."

"இறுதிச் சடங்கு?"

ரெகுலா போதகருக்குப் போன் செய்தாள். போதகர் வருத்தம் தெரிவித்தார். அவருடைய குரலுக்குப் பின்னால் மலை லிஃப்ட் இயங்கும் சத்தம் கேட்டது. அவர் முன்னாடியே ஸ்டைன்மாட் போய்விட்டார். சபையில் பாதிப்பேர் அங்கேதான். விடுமுறை முடிந்து வைத்துக்கொண்டால் கூட்டமும் நன்றாக இருக்கும் என்றார்.

"அதுவரைக்கும் பப்பா?"

"குளிர்ல வச்சிருப்பாங்க," என்றான் ஊர்ஸ். "அவருக்கும் குளிர்தானே பிடிக்கும்." சொன்ன பிறகு அது வேடிக்கையா இல்லையா என்று அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"நகர அலுவலகத்துல பதியணும். எரியூட்டலுக்கு நாள் கேக்கணும். துக்கம் விசாரிச்சு ஆள் வரும். யாராவது ஒருத்தர் இருந்துதான் ஆகணும்," என்றாள் ரெகுலா. அவள் பார்வை யோலாண்டா பக்கம் திரும்பியது. ஊர்ஸின் பார்வையும் திரும்பியது. அவரவர் இடத்தில் இருந்த நாற்காலிகளைப் போல அத்தனை இயல்பாக.

பார்வை சங்கடமாக நீண்டதால் ரெகுலா மரியாதைக்கு ஒன்று கேட்டாள். "கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

யோலாண்டா காபியை ஒரு வாய் குடித்தாள்.

"'ஓஸ்வால்ட்னு கூப்பிடு'ன்னார்."

ரெகுலா கைக்குட்டையைக் கீழே வைத்தாள்.

"உன்னையா?" என்றாள் ரெகுலா. "இங்கயா? கீழயா?"

"டீக்கோப்பைய எடுத்து என் கிண்ணத்துல இடிச்சார். போர்வையில சிந்தியிருக்கு பாரு."

சிந்தியிருந்தது. ரெகுலா அந்தக் கறையை நெடுநேரம் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னார். 'ஃபோண்டு கிண்டுறது ரெகுலாதான். அவ கைக்கு அடிபிடிக்காது'ன்னார்."

ரெகுலா மறுபடி அழ ஆரம்பித்தாள். இந்தத் தடவை முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"அப்புறம் 'நீயும் மேல போ, யோலாண்டா. ஜன்னல் ரூம்ல நீ படு'ன்னார்." அவள் கோப்பையைத் தட்டில் வைத்தாள். "'ஊர்ஸ் பின்னணியைப் பார்த்துக்கொள்வான்'னு சொன்னார். அதுக்கப்புறம் பேசல."

'பின்னணி' என்ற வார்த்தையை அவர்களில் யாரும் தங்கள் வாயால் சொன்னதே கிடையாது. அது கர்னலுடைய சொத்து. ஊர்ஸ் அப்பாவின் முகத்தைப் பார்த்தான், ஒருவேளை மறுப்பார் என்பதுபோல. கர்னல் தாடையில் கட்டிய துணியோடு வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"என் பேரையா சொன்னார்?"

"உன் பேரைத்தான்."

ஊர்ஸ் விறைப்பாக நின்றான். ஐம்பது வருஷத்தில் அப்பா அவனை நம்பி ஒப்படைத்த முதல் பொறுப்பு. "சரி பப்பா," என்றான்.

பிணவண்டிக்காரர்கள் வந்து கர்னலை எடுத்துப் போனதும் அவன் நிலவறைக்கு இறங்கி, தன் பலகைகளை ஓரம் வைத்துவிட்டு, மனைவியின் பலகைகளுக்கு மெழுகு பூசினான். கேட்காமலே பூசினான். நன்றாகவே பூசினான்.

மறுநாள் காலை கார் கிளம்பும்போது வீட்டுச்செருப்போடு வாசலில் நின்று கையசைத்தான். யோலாண்டா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஸ்டைன்மாட்டில் ஜன்னல் அறையின் கட்டிலில் தன் பெட்டியைப் போட்டுத் திறந்தாள். ரெகுலா வாசல்வரை வந்து, உள்ளே நுழையாமல், துண்டு வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். யோலாண்டா முதல் லிஃப்டுக்குச் சரியாக அலாரம் வைத்தாள். கையுறை, கண்ணாடி, தொப்பி எல்லாவற்றையும் நாற்காலியில் எடுத்துவைத்துவிட்டு, போன கோடைக்கப்புறம் முதல்முறையாக, இடையில் யாரும் மணியடித்து எழுப்பாமல் தூங்கினாள். அலாரம் அடிப்பதற்கு முன்பே விழிப்பு வந்தது. எழுந்துபோய்த் திரையை விலக்கினாள்.

அந்த வாரம் முழுக்க ஸ்டைன்மாட்டில் மழை பெய்தது.