வெளுத்த ஸ்லைடு

லேப்காரர் செய்த மறுசோதனையில், சதைத்துணுக்கு வைத்த ஸ்லைடு முழுக்கப் பழுப்புச் சாயம் ஏறியிருந்தது. அந்தப் பெண்ணின் மார்புப் புற்றுக்கட்டிக்கு ஹார்மோன் மாத்திரை கேட்கும் என்று அர்த்தம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்காது என்று எழுதிக்கொடுத்தவர் இதே லேப்காரர்தான். சாயம் சரிதானா என்று பார்க்கக் கூடவே வைக்கும், கட்டாயம் நிறம் பிடிக்க வேண்டிய ஸ்லைடும் அன்றைக்கு வெளுத்துத்தான் கிடந்தது. எல்லாவற்றையும் திரும்பச் செய்யச் சோம்பல்பட்டு விட்டுவிட்டார். இப்போது நோய் எலும்புக்குப் போய்விட்டது.

வெளியே காத்திருந்த அவள் புருஷனிடம் போய் ஒப்புக்கொண்டார்.

"தப்பு என்னோடதுண்ணே. அன்னிக்கே மாத்திரை குடுத்திருக்கணும்."

"'மாத்திரைகூட என்னைய வேணாம்னுடுச்சு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளேய்யா!"

"நானே வந்து அவங்ககிட்ட சொல்றேன்."

"வராதே. உன்னையும் உக்காரவெச்சு டீ குடுப்பா. அதை என்னால பாக்க முடியாது" என்றார் புருஷன்.