நாக்கினால் நேர்ந்த முதல் நிலவு மரணம்

1

உலக மக்களின் மேலான கவனத்துக்கு: நிலாவில் நிகழ்ந்த முதல் மனித மரணம், செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, அரிசோனாவில், ஃபிளாக்ஸ்டாஃபுக்கு வடக்கே பதிவாகியது. காரணம்: நாக்கு.

இறந்தவர் மதியம் இரண்டு பர்ரிட்டோ சாப்பிட்டார்.

இதை எனக்குச் சொன்னவர் ஆரின் ஹாஸ்கெட். விண்வெளி வீரர்களுக்குப் பாறை பார்க்கக் கற்றுத்தரும் நிலவியல் டாக்டர். காலையுணவுக் கடையில் பான்கேக் மேல் பாகை ஊற்றியபடி சொன்னார். ஊற்றுவதை நிறுத்த மறந்துவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கருஞ்சாம்பல் பாலையின் மேல் கதிரவன் தன் பொற்கரங்களை—’

வேண்டாம். வெயில் அடித்தது.

மரிபெல் கின்டானா பயிற்சி உடையில் எரிமலைச் சாம்பல் மேட்டில் நடந்துகொண்டிருந்தாள். கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவள். அந்த மேட்டையே காற்றில்லாத நிலாவாகப் பாவிக்கும் இந்த ஒத்திகையில் தேறினால் நிலாப் பயணத்தில் இடம். தவறினால் பூமியிலேயே ஒரு நாற்காலி. ஆரின் கூடாரத்துக்குள் இருந்தார். அவர் வெளியே பார்க்கக் கூடாது. வானொலியில் அவள் சொல்வதைக் கேட்டே படம் வரைய வேண்டும். பக்கத்தில் தேர்வு அதிகாரி புரூயிட், திரையும் படிவமுமாக.

“கறுப்புக் கல்லு. பக்கத்துல இன்னொரு கறுப்புக் கல்லு.”

“ஏம்மா, மளிகைச் சீட்டா வாசிக்கிறே? எப்படி இருக்குன்னு சொல்லு.”

“எங்கம்மா அடிப்பிடிக்க விட்ட பீன்ஸ் மாதிரி இருக்கு. போதுமா?”

“அப்படிச் சொல்லு! வரைஞ்சுட்டேன்.”

(முதல் வரைவில் மரிபெல்லை அச்சமென்பதே அறியாதவள் என்று எழுதியிருந்தேன். “பல்லியைக் கண்டா என் பின்னால ஒளிவா” என்றார் ஆரின். அடித்துவிட்டேன்.)

3

அப்போது அவள் குரல் மாறியது.

“ஆரின்... இது வேற. வெள்ளையும் சாம்பலுமா சின்னச் சின்னத் துண்டு, எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டிருக்கு. நிலாவுலேருந்து வந்த கல்லுன்னு ஒண்ணு காட்டினீங்களே, அச்சு அசல் அதேதான்.”

ஆரினின் பென்சில் நின்றது. எரிமலைக் கறுப்பைத் தவிர வேறெதுவும் இல்லாத இடம் அது.

“துண்டுகளோட ஓரம் கூரா, உருண்டையா?”

“ஒரே தூசி, தெரியல. இருங்க.”

[பாறைக்காரர்கள் கல்லை நக்குவார்கள். ஈரம் பட்டால் உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும். இரண்டு வாரமாக ஆரின் ஒவ்வொரு கல்லுக்கும் ‘நக்கிப் பாரு’ என்று விரட்டியிருந்தார்.]

தலைக்கவசத்தின் கண்ணாடி ‘டக்’கென்று திறக்கும் ஓசை வானொலியில் கேட்டது.

“செத்துட்டாங்க,” என்றார் புரூயிட், படிவத்தில் குறித்தபடி.

“ஐயோ,” என்றாள் மரிபெல், கல் இன்னும் நாக்கில் இருக்க.

4

முதல் முடிவு: புரூயிட்டின் கண்கள் கலங்க, படிவத்தைக் கிழித்து— (புரூயிட்டை நான் பார்த்திருக்கிறேன். தள்ளுக.)

இரண்டாம் முடிவு: மரிபெல் தலைநிமிர்ந்து நின்று, மானுடத்தின் தேடல் குறித்து— (அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.)

நடந்தது இது. ஆரின் விதியை மீறிக் கூடாரத்திலிருந்து ஓடினார். அவள் சாம்பலில் உட்கார்ந்திருந்தாள்.

“பன்னெண்டு வருஷம், ஆரின். ஒரே நக்குல போச்சு.”

அவர் முழங்கால் சடசடக்க அருகில் உட்கார்ந்தார். “கல்லைப் பார்த்ததும் உனக்கு மூச்சு வேணும்கிறதே மறந்துபோச்சு பாரு. முப்பது வருஷமா சொல்லிக்கொடுக்கிறேன். ஒருத்தருக்கும் அப்படி மறந்ததில்ல.”

பிறகு, படிவத்தோடு பின்னாலேயே வந்து நின்ற புரூயிட்டைப் பார்த்தார். “எழுதுங்க, கொன்னது வாத்தியார்னு.”

“அதுக்குக் கட்டம் இல்ல, டாக்டர்.”

“அப்ப ஓரத்துல எழுதுங்க.”

புரூயிட் குனிந்தார். யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் விரலை எச்சிலில் நனைத்துக் கல்லின் மேல் தேய்த்தார்.

“வேற மாதிரிதான் இருக்கு,” என்றார், மெதுவாக.

5

புரூயிட்டின் பேனா படிவத்தின் ஓரத்துக்கு மேல் நிற்கிறது. அடுத்து என்ன எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ஒருத்திக்கு நிலா கிடைப்பதும் கிடைக்காததும் உங்கள் கையில். நன்றாக யோசித்து எழுதுங்கள்.

அந்தக் கல், பண்ணைக்காரர் ஒருவர் வேலிக்கம்பம் நட்டபோது மிஞ்சியதென்று கொட்டிவிட்டுப் போன கான்கிரீட்.